துடைப்பம் எந்தப் பால்?

ஒன்பதாம் வகுப்பு, இலக்கண வேளை. உயர்திணைக்கு மூன்று, அஃறிணைக்கு இரண்டு, ஆகப் பால் ஐந்து என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு வந்தேன். "உழவன்?" "ஆண்பால்!" "மக்கள்?" "பலர்பால்!" "மாடுகள்?" "பலவின்பால்!" அறையின் மூலையிலே சாய்ந்திருந்த பொருள் கண்ணில் பட்டது. "துடைப்பம்?" என்றேன். "ஒன்றன்பால்!" என்று வகுப்பே முழங்கிற்று. மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் மட்டும் சற்றுப் பின்தங்கி வந்தது: "இலக்கணத்தில் ஒன்றன்பால், ஐயா. நம் வகுப்பிலே பெண்பால்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். விடை தெரியாத ஆசிரியனுக்குச் சிரிப்புத்தானே கேடயம்!

மாலையில் பிள்ளைகள் போன பிறகு, வெற்று வகுப்பறையில் நின்று எண்ணிப் பார்த்தேன். இந்தப் பள்ளியில் நான் அடியெடுத்து வைத்து மூன்று ஆண்டுகள். "அறையைக் கூட்டிவிடுங்களம்மா" என்று எத்தனை காலைகளில் சொல்லியிருப்பேன்! "மணியடித்துவிட்டு வாடா", "அந்த நாற்காலியைத் தூக்கி வாடா", "ஓடிப்போய்ச் சுண்ணக்கட்டி வாங்கி வாடா" என்று எத்தனை காலைகளில் சொல்லியிருப்பேன்! பெயர் சொல்லி நான் யாரையும் பிரித்ததில்லை. அந்த 'அம்மா'வும் அந்த 'டா'வும் பிரித்துவிட்டன. கூட்டுவது மாணவியர் கடமை என்று கல்வித் துறையின் சுற்றறிக்கை சொல்லவில்லை, தலைமையாசிரியர் சொல்லவில்லை, மாணவியரின் பெற்றோரும் கேட்கவில்லை. நான் யார்? கல்லூரியில் பெண்ணுரிமை பற்றிய சொற்போரில் கோப்பை வாங்கியவன்! அந்தக் கோப்பை இன்றும் என் வீட்டு அலமாரியில் பளபளக்கிறது. அதைத் துலக்கி வைப்பவர் என் அன்னையார்.

கொடுங்கோலன் ஒருவன் இருந்தால் அவனை எதிர்க்கலாம். கொடிய சட்டம் ஒன்று இருந்தால், அதைக் கொளுத்திவிட்டுச் சிறைக்குப் போகலாம். ஆணையிட்டவன் எவனும் இல்லாமலே நடைபெறும் அநீதிக்கு யார் பொறுப்பாளி? வழக்கம் என்கிறோம், மரபு என்கிறோம். முகமில்லாத அந்த அரசனின் ஆணையை, நாள்தோறும் காலை ஒன்பது மணிக்குப் படித்துக் காட்டும் தண்டோராக்காரனாக நான் இருந்திருக்கிறேன். என்னை அதிர வைத்தது இதுதான்.

மறுநாள் அந்தப் பெண் தயங்கித் தயங்கி வந்தாள். "நேற்று விளையாட்டாகச் சொல்லிவிட்டேன், ஐயா. தவறானால் மன்னியுங்கள்." "தவறன்று, மெய். அந்தப் பெண்பால் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துச் சொல்ல உன்னால் முடியுமா?" என்றேன். முடியும் என்றாள். எண்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்தேன். தன் வகுப்புத் தோழர் தோழியர் ஒவ்வொருவரும் அவரவர் வீட்டில் ஒரு நாள் முழுதும் யார் யார் என்னென்ன செய்கின்றனர் என்று குறித்துத் தர வேண்டும் என ஏற்பாடு செய்தாள். நேரம், வேலை, செய்தவர் என்று மூன்று கட்டங்கள் போதும் என்றேன் நான். அவள் நான்காவது கட்டம் ஒன்றைத் தானாகவே வரைந்தாள். அதன் தலைப்பு: 'செய்யாமல் விட்டால் யார் என்ன சொல்வார்?'

பட்டம் பெற்றவனுக்குத் தோன்றாதது பதினான்கு வயதுப் பெண்ணுக்குத் தோன்றிற்று. அந்தக் கட்டத்தின் பெருமை எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது; அதைப் பின்னே சொல்கிறேன்.

நோட்டு நிறைந்து வந்தது. தன் வீட்டைப் பற்றி அவள் எழுதியிருந்தாள். விடியற்காலை நாலரைக்கு அடுப்புப் பற்றவைத்தது, அம்மா. குழாயடியில் பத்துக் குடம் தண்ணீர் பிடித்தது, அம்மா. ஏழு மணிக்கு நூற்பாலைக்குப் புறப்பட்டது, அம்மா. அதே ஏழு மணிக்கு அதே ஆலைக்குப் புறப்பட்டது, அப்பா. மாலையில் இருவரும் திரும்பிய இடத்தில் அவள் ஒரு வரி எழுதியிருந்தாள்: 'அப்பா வேலை முடிந்து வீட்டுக்கு வந்தார். அம்மா வேலை முடிந்து வேலைக்கு வந்தார்.' அந்தத் தந்தையைக் கொடியவர் என்று எண்ணிவிடாதீர்கள். அவரும் நின்றுகொண்டே உழைத்துக் கால் வீங்கி வருபவர்தான்; மகள் மீது உயிரை வைத்திருப்பவர்தான். நல்லவர்களின் வீட்டிலேயே இது நடக்கிறது என்பதுதான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

ஒரு சிற்றூர்ப் பள்ளியின் நோட்டை வைத்துக்கொண்டு உலகத்தை அளக்கலாமா என்று கேட்பீர்கள். இந்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019 இல் இதே வேலையை நாடு முழுதும் செய்து பார்த்தது. மக்கள் நாளின் 24 மணி நேரத்தை எப்படிச் செலவிடுகின்றனர் என்று ஆறு வயதுக்கு மேற்பட்டோரிடம் கேட்டுக் கணக்கெடுத்தது. ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஒரு நாளில் கைவைத்த பெண்கள் 100க்கு 81 பேர். ஆண்கள் 100க்கு 26 பேர். அப்படிக் கைவைத்த அந்தச் சிறுபான்மை ஆண்களும் அதில் செலவிட்ட நேரம் சராசரியாக 97 நிமிடம். பெண்கள் செலவிட்டது 299 நிமிடம். ஏறத்தாழ ஐந்து மணி நேரம்! 2024 இல் மீண்டும் கணக்கெடுத்தபோது பெண்களின் 299 நிமிடம் 289 ஆயிற்று. ஆகா, முன்னேற்றம் என்று கை தட்டப் போனேன். பக்கத்திலிருந்த எண்ணைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டேன். ஆண்களின் 97 நிமிடம் 88 ஆகக் குறைந்திருந்தது.

ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த 299 நிமிடத்தையும் பெண்கள் நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? கற்பனை செய்ய வேண்டியதில்லை, நடந்திருக்கிறது. வடகடலில் ஐஸ்லாந்து என்று ஒரு தீவு நாடு. உலகப் பெண்கள் ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் அவை அறிவித்த 1975 இல், அக்டோபர் 24 ஆம் நாள், அந்த நாட்டுப் பெண்களில் 100க்கு 90 பேர் வேலையை நிறுத்தினர். அலுவலக வேலையை மட்டுமா? அடுப்பு வேலை, தொட்டில் வேலை, துணி வேலை எல்லாவற்றையும்! தலைநகர் ரெய்க்யவிக்கில் மட்டும் சுமார் 25,000 பேர் திரண்டனர். எழுத்துக் கோப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆதலின் நாளேடுகள் முடங்கின. பள்ளிகள் பல மூடின. மீன் ஆலைகள் நின்றன. தந்தைமார் குழந்தைகளை அலுவலகத்துக்கு இழுத்துச் சென்று, தாளும் எழுதுகோலும் கொடுத்து அமர வைத்தனர். எளிதிற் சமைக்கலாம் என்று எல்லா வீட்டு ஆண்களும் ஒருசேரப் போய் வாங்கியதால், கடைகளிலே கொத்திறைச்சிக் குழல் தீர்ந்துபோயிற்றாம்! அந்த வெள்ளிக்கிழமைக்கு ஆண்கள் வைத்த பெயர் 'நீண்ட வெள்ளி'. ஒரே நாள்தான், தோழர்களே. அவர்களுக்கு அது நீண்ட நாள்! அடுத்த ஆண்டே அந்நாட்டுப் பாராளுமன்றம் பாலினச் சமத்துவச் சட்டம் இயற்றியது. ஐந்தாம் ஆண்டில், 1980 இல், விக்டிஸ் ஃபின்போகடோட்டிர் என்ற பெண்மணியை மக்கள் தம் வாக்கால் நாட்டின் தலைவராக்கினர். மணமுறிவு பெற்றவர், தனியே ஒரு மகளை வளர்த்தவர். 'குடும்பப் பெண்' என்று நம்மூர்த் திண்ணைகள் வகுத்திருக்கும் வரையறைக்குள் அடங்காதவர்.

"அதெல்லாம் இருக்கட்டும், இயற்கை என்று ஒன்று இருக்கிறதே!" என்பார் வைதீகர். அண்மைக் காலத்தில் வைதீகர் அறிவியல் சொற்களையும் கற்றுக்கொண்டார். சாத்திரம் சொன்னதையே இப்போது மூளை சொல்கிறது, இரத்தம் சொல்கிறது என்பார். அவருக்கு நான் சொல்வது இது. இயற்கை தடுப்பதைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியதில்லை. மீன் மரம் ஏறக் கூடாது என்று எந்த மன்னனும் ஆணை பிறப்பித்ததில்லை. பெண் படிக்கக் கூடாது, பேசக் கூடாது, சொத்து வைக்கக் கூடாது, வாக்களிக்கக் கூடாது என்று இத்தனை 'கூடாது'களை ஏன் எழுதி வைத்தீர்கள்? முடியாது என்றால் கூடாது எதற்கு? கூடாது என்கிறீர் என்றாலே, முடியும் என்று உமக்குத் தெரிந்திருக்கிறது! ஆங்கில அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1869 இல் பெண்களின் அடிமைத்தனம் பற்றி எழுதிய நூலில், இந்த ஓட்டையை மிக நுட்பமாகக் காட்டியிருக்கிறார். வளைத்து வளர்த்த மரத்தைக் காட்டி இதன் இயற்கையே வளைவு என்று சொல்வதை எந்த உழவனும் ஒப்பமாட்டான்.

புதுக்கோட்டையில் 1886 இல் பிறந்த முத்துலட்சுமி அம்மையார், ஆண்கள் படிக்கும் மன்னர் கல்லூரியில் இடம் கேட்டபோது எழுந்த எதிர்ப்பை நினைவு கூருங்கள். இந்தப் பெண்ணால் பாடம் படிக்க முடியாது என்றா எதிர்த்தனர்? இல்லை, இவள் வந்தால் எங்கள் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்றனர்! மன்னரின் ஒப்புதலால் இடம் கிடைத்தது. 1912 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். சென்னை மாகாணச் சட்டமன்ற மேலவையில் அமர்ந்தார். அதன் துணைத் தலைவரானார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954 இல் எழுப்பினார். அவரால் கெட்டுப்போன பிள்ளைகளின் பட்டியலை இதுவரை யாரும் வெளியிடவில்லை.

மேல்நாட்டார் இதிலெல்லாம் நமக்கு மூத்தவர் என்று மயங்கவும் வேண்டாம். கடிகார நுட்பத்துக்கும் கல்விச் சிறப்புக்கும் பேர்போன சுவிட்சர்லாந்தில், பெண்களுக்கு வாக்குரிமை தரலாமா என்று 1959 இல் ஆண்களிடம் கேட்டனர். மூன்றில் இரு பங்கினர் முடியாது என்று வாக்களித்தனர். நாடளாவிய வாக்குரிமை அங்கே கிடைத்தது 1971 இல். நீதிக்கட்சி ஆண்ட சென்னை மாகாணம், சொத்துத் தகுதி என்ற வரம்போடுதான் எனினும், 1921 இலேயே பெண்களுக்கு வாக்களித்தது. இடையே ஐம்பது ஆண்டுகள்! அந்த ஐம்பது ஆண்டும் சுவிட்சர்லாந்துப் பெண்களின் இயற்கை ஒரு விதமாகவும் சென்னைப் பெண்களின் இயற்கை வேறு விதமாகவுமா இருந்தது?

வேறுபாடு இல்லவே இல்லை என்று நான் வாதாடவில்லை. கருவைச் சுமப்பவள் பெண், பாலூட்டுபவள் பெண். இதை மறுப்பது பகுத்தறிவாகாது. ஆனால் இதிலிருந்து அதற்கு எப்படிப் போகிறீர்கள் என்றுதான் கேட்கிறேன். 'இவளுக்குக் கருப்பை உண்டு; ஆகவே வகுப்பறையை இவள் கூட்ட வேண்டும்.' இந்த 'ஆகவே'யை யாராவது விளக்கட்டும். கணக்கு நோட்டில் இப்படி ஒரு படியைத் தாண்டி விடை எழுதினால் மதிப்பெண் தருவோமா?

பழக்கம் கண்ணுக்குள்ளும் புகுந்துவிடுகிறது. விஞ்ஞானி ஒருவரை வரையுங்கள் என்று 1966 முதல் 1977 வரை கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளின் பள்ளிச் சிறுவர் 4,807 பேரிடம் சொன்னார்கள். பெண்ணை வரைந்த படங்கள் 28 தாம். அந்த 28ஐயும் வரைந்தவர்கள் சிறுமியரே. ஒரு சிறுவன்கூட வரையவில்லை. மேரி கியூரி இரு முறை நோபல் பரிசு பெற்று அரை நூற்றாண்டு கடந்த பிறகு நடந்த சோதனை இது! பின்னர் வந்த ஆண்டுகளில் அமெரிக்கச் சிறுவரின் படங்களில் பெண் விஞ்ஞானிகள் பெருகி, நான்கில் ஒரு பங்குக்கு மேலாயினர். சிறுவரின் மூளை மாறவில்லை. அவர்கள் கண்ட உலகம் மாறிற்று. கேரளத்தில் 2024 இல் வெளிவந்த மூன்றாம் வகுப்புப் பாடநூலில், அடுக்களையில் தேங்காய் துருவும் தந்தையின் படம் இடம்பெற்றது. ஒரு தேங்காய்தான், அதற்கே எத்தனை பேச்சு!

இனி, என்னை உறங்கவிடாத கேள்விக்கு வருகிறேன்.

நோட்டைப் பற்றி வகுப்பில் பேச்சு நடந்தபோது ஒரு மாணவி எழுந்தாள். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குபவள், எவருக்கும் அஞ்சாதவள். "ஐயா, எனக்குச் சமைக்கப் பிடிக்கும். வீட்டைத் தூய்மையாக வைத்திருக்கப் பிடிக்கும். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இவள் ஏன் எனக்காக அழுகிறாள்?" என்றாள்.

நோட்டுக்காரிக்கு விடை தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. "உனக்குப் பிடிக்கிறது என்று நீ நினைக்கிறாய், உண்மையில் உனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்லிவிடலாம், மேடையில் அப்படிச் சொல்பவர் உண்டு. எனக்கு நா எழவில்லை. பெண்ணின் உள்ளத்தில் இருப்பது இன்னதென்று பெண்ணுக்கே எடுத்துரைக்கும் ஆணைத்தானே இத்தனை நூற்றாண்டுகளாக நாம் கண்டிக்கிறோம்! தொல்காப்பியர் காலத்திலிருந்து, அச்சமும் நாணமும் மடமும் பெண்ணுக்கு, பெருமையும் வலிமையும் ஆணுக்கு என்று வகுத்து வைத்தோர் செய்தது அது. விடுதலையின் பேரால் நானும் அதையே செய்யலாமா? சங்கத் தொகைகளிலேயே முப்பதுக்கும் மேற்பட்ட பெண்பாற் புலவர்கள் இருக்கின்றனர். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை இருக்கிறார். இலக்கணம் வகுத்தவரைக் கேட்டா அவர்கள் பாடினார்கள்?

அப்போதுதான் அந்த நான்காவது கட்டம் நினைவுக்கு வந்தது. நோட்டைப் புரட்டி, எழுந்து நின்ற மாணவியின் பக்கத்தை அவளிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். காலைச் சமையல்: செய்தவர், நான். செய்யாமல் விட்டால்: 'போகும் வீட்டில் எங்கள் பெயரைக் கெடுப்பாய் என்று பாட்டி சொல்வார்.' பாத்திரம் துலக்குதல்: செய்தவர், நான். செய்யாமல் விட்டால்: 'அம்மா பேசமாட்டார்.' அதே பக்கத்தில் அவள் அண்ணனைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முட்டை பொரித்தது, அண்ணன். செய்யாமல் விட்டால்: 'யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்.' படித்துவிட்டு அவள் சிறிது நேரம் நின்றாள். "இருந்தாலும் எனக்குப் பிடிக்கும், ஐயா" என்று சொல்லிவிட்டு அமர்ந்தாள். அவள் சொன்னதை நான் நம்புகிறேன். அவளுக்குப் பிடிக்கும், அது அவள் உரிமை. ஆயினும் விருப்பத்துக்கு ஓர் உரைகல் உண்டு என்று அன்று கற்றேன். செய்பவன் முகமலர்ச்சியைப் பார்த்துப் பயனில்லை. மறுத்தால் தர வேண்டிய விலை என்ன என்று பார்க்க வேண்டும். அண்ணன் முட்டை பொரித்தது விருப்பத்தால் என்று எவரும் அறியலாம், விட்டிருந்தால் அவனுக்கு இழப்பில்லை. தங்கை சமைத்தது விருப்பத்தாலா, விலைக்கு அஞ்சியா என்று அவளாலேயே பிரித்தறிய இயலாதபடி செய்து வைத்திருக்கிறோம். அந்த விலையை முதலில் நீக்குங்கள். பிறகு அவள் சமைத்தால், வாழ்த்திவிட்டு உட்கார்ந்து உண்போம்.

நோட்டில் ஒரு பக்கம் வெறுமையாக இருந்தது. தலைப்பில் ஒரு மாணவனின் பெயர், நாள், வீட்டு ஊர். அதற்குக் கீழே ஒன்றுமில்லை. சோம்பல் என்று எண்ணி, மாலையில் தனியே அழைத்துக் கேட்டேன். தந்தை இல்லாத பிள்ளை. தாய் விடியுமுன் பக்கத்து நகரத்து வேலைக்குப் பேருந்து ஏறிவிடுவார். சோறு வடிப்பது இவன். குழம்பு வைப்பது இவன். தங்கைக்குத் தலைவாரிப் பின்னல் போட்டுப் பள்ளிக்கு அனுப்புவது இவன். எல்லாருடைய பக்கத்தையும்விட நிறைந்திருக்க வேண்டிய பக்கம் இவனுடையது! "ஏனடா எழுதவில்லை?" என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "எழுதினால் என்னைப் பொம்பளை என்று கூப்பிடுவார்கள், ஐயா."

தோழர்களே, இந்த ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆணும் பெண்ணும் சமம் என்பது மெய்யானால், பெண் என்ற பெயர் எப்படி வசையாகும்? மருத்துவர் என்று ஒருவனை அழைத்தால் அவன் அழுவதில்லை. உழவன் என்றால் தலைகுனிவதில்லை. தன்னைப் பெற்று, விடியுமுன் பேருந்து ஏறி, தனக்காக உழைத்து ஓடாகும் தாயின் இனப்பெயரால் அழைத்துவிடுவார்களே என்று பதினான்கு வயதுப் பையன் நடுங்குகிறான். இது அவன் கண்டுபிடித்த வசையா? நாம் கற்றுக்கொடுத்தது! பெண் 'ஆண்பிள்ளை போல' இருக்கிறாள் என்றால் பாராட்டு. ஆண் 'பெண்பிள்ளை போல' இருக்கிறான் என்றால் பழி. தராசில் இரண்டு தட்டும் சமம் என்று சொல்லிக்கொண்டே, ஒரு தட்டில் விரலை வைத்து அழுத்துகிறோம். பெண்கள் விடுதலை பெற வேண்டுமானால் 'ஆண்மை' என்ற அந்தக் கருத்தே அழிய வேண்டும் என்று பெரியார் எழுதியதைக் கல்லூரியில் படித்தபோது, சற்று மிகையாக இருக்கிறதே என்று நினைத்தவன் நான். அந்த வெற்றுத் தாளைப் பார்த்த பிறகு அப்படி நினைக்கவில்லை.

வெட்கத்தோடு ஒன்று சொல்கிறேன். எதிர்க்கட்சிக்காரன் ஆண்பிள்ளையானால் வரட்டும், இல்லையானால் சேலை கட்டிக்கொள்ளட்டும், வளையல் போட்டுக்கொள்ளட்டும் என்ற முழக்கத்தைப் பகுத்தறிவாளர் கூடிய மேடைகளிலும் கேட்டிருக்கிறேன். கேட்டுக் கை தட்டியும் இருக்கிறேன். 1929 இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சம சொத்துரிமை கேட்டது. அது தமிழ்நாட்டில் சட்டமாக அறுபது ஆண்டுகள், 1989 வரை, ஆயிற்று. இந்தியா முழுமைக்கும் 2005 வரை ஆயிற்று. இந்த வரலாற்றை நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். அந்தப் பெருமையைப் பேசிவிட்டு மேடையை விட்டு இறங்கும் நம்முடைய தேநீர்க் குவளையை யார் கழுவுகிறார்? பெண்ணுரிமைத் தீர்மானம் பந்தலின் முன்பக்கம் நிறைவேறும்போது, பந்தலின் பின்பக்கம் அடுப்பில் புகையோடு போராடுகிறவர் யார்? நோட்டின் கடைசித் தாளில் 'ஐயா' என்று தலைப்பிட்டு அந்தப் பெண் ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள். 'மதியச் சாப்பாட்டு அடுக்கு: கொண்டு வருபவர், ஐயா. சமைத்தவர், கழுவுபவர்:' என்று எழுதி, விடைக்கு இடம் விட்டிருந்தாள். நானே நிரப்ப வேண்டியதாயிற்று.

அடுத்த திங்கட்கிழமை முதல் வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி, ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல், நாளுக்கு இருவர் அறையைக் கூட்டுவது என்று வைத்தேன். மூன்றாம் நாளே ஒரு தந்தை வந்துவிட்டார். "என் பையனைக் கூட்ட வைக்கவா பள்ளிக்கு அனுப்பினேன்?" என்று கொதித்தார். அவருடைய மகளும் இதே பள்ளியில் ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். "இரண்டு ஆண்டுகளாக அவளும் கூட்டுகிறாளே, அதற்கு நீங்கள் வரவில்லையே?" என்றேன். சிறிது நேரம் விழித்தார். பிறகு சொன்னார்: "அது வேறு."

அது வேறு! எத்தனை நூல்கள், எத்தனை சாத்திரங்கள், எத்தனை உரைகள்! எல்லாவற்றையும் பிழிந்தால் இந்த இரண்டு சொற்கள்தாம் மிஞ்சும் போலும். அந்தப் பெரியவரைப் பழிக்க எனக்கு உரிமையில்லை. ஒரு மாதம் முன்பு வரை எனக்கும் அது வேறாகத்தான் இருந்தது. அவர் கோபத்துக்கு அடியில் இன்னொன்றும் படுத்திருந்ததை மறைக்கக் கூடாது. கூட்டுவது இழிந்த தொழில், இழிந்தவர் செய்ய வேண்டிய தொழில் என்ற நினைப்பு. அதற்குச் சாதி என்று பெயர். மகளிடம் அந்த இழிவு உறுத்தவில்லை, ஏனெனில் அவள் ஏற்கெனவே கீழே வைக்கப்பட்டவள். ஒன்றைத் தொட்டால் மற்றது ஆடுகிறது. அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும். "வரிசை மாறாது, ஐயா. விரும்பினால் உங்கள் மகன் முறை வரும்போது நானும் கூட வந்து கூட்டுகிறேன்" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போனார்.

வெள்ளிக்கிழமை, வெற்றுத் தாள்காரனின் முறை வந்தது. அவன் துடைப்பத்தை எடுத்தவுடன் பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. முதலில் குவளையில் நீர் மொண்டு வந்து, புழுதி எழும்பாதபடி தரையெங்கும் மெல்லத் தெளித்தான். நாங்கள் யாரும், நான் உட்பட, இதுவரை செய்யாதது அது. பிறகு சுவரோரத்திலிருந்து தொடங்கி, பலகைகளுக்கு அடியில் குனிந்து, ஒரே ஒழுங்காக வாசல் வரை கூட்டி வந்தான். கூடக் கூட்ட வேண்டிய மாணவி தன் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றுவிட்டாள். சிரித்தவர்களில் ஒருவன், உண்மையான வியப்போடு, "இப்படிக் கூட்ட எங்கேடா கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டான்.

அவன் குப்பையை அள்ளிக்கொண்டே, "வீட்டில்" என்றான்.